வைகை கடலைத் தொடும் இடத்தில் தூண்டில் போட: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

மதுரையில் பாலத்தின் மேல் நின்று வெறும் மணலையே பார்த்துப் பழகியவர்களுக்கு, வைகை கடலில் கலக்கிறது என்ற செய்தியே சற்று வியப்பாக இருக்கும். கடலுக்குள் புகாத ஆறு என்று பழம்புலவர்கள் அதைப் பாடியதும் உண்டு. வைகை நீரின் பெரும்பகுதியை இராமநாதபுரம் பெரிய கண்மாயும் வழியிலுள்ள மற்றக் கண்மாய்களும் வாங்கிக்கொள்கின்றன. மழை மிகுந்த ஆண்டுகளில் மட்டும் உபரி நீர் கிழக்கே ஓடி, அழகன்குளத்தை அடுத்த ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையில் சேர்கிறது. மற்ற மாதங்களில் கடல்நீர்தான் ஆற்றுக்குள் ஏறி இறங்குகிறது. உப்பும் நன்னீரும் மாறி மாறி ஆளும் இத்தகைய கழிமுகங்கள் தூண்டில்காரனுக்கு ஏற்ற பள்ளிக்கூடங்கள். கடலுக்குள் போக வேண்டியதில்லை, படகு வேண்டியதில்லை. கரையில் நின்றே கொடுவா, செப்பிலி, மடவை, கிழங்கான், ஊடகம் என்று பலவகை மீன்களைச் சந்திக்கலாம்.

இந்தக் கட்டுரை, இராமநாதபுரம் கடற்கரையில் முதன்முறையாகத் தூண்டில் போடத் திட்டமிடும் வெளியூர்க்காரர்களுக்காக எழுதப்படுகிறது. தூண்டில் கம்பு வாங்குவதிலிருந்து தொடங்குவதுதான் பலருடைய வழக்கம். நான் வேறு வரிசையைப் பரிந்துரைக்கிறேன்: முதலில் காற்று, அடுத்து நீர், அதன்பின் இடம், கடைசியாகவே கருவிகள்.

முதலில் காற்றைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இம்மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள் உண்டு. மண்டபம், பாம்பன் நிலப்பகுதிக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. மீனவர்கள் முன்னதை வடகடல் என்றும் பின்னதைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் இராமேசுவரம் தீவில் சொல்வதுண்டு. இந்த இரண்டு கடல்களும் ஒரே நேரத்தில் கொந்தளிப்பது அரிது என்பதுதான் பயணத் திட்டத்தின் அடிப்படை. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தென்கடல் சீறும். அப்போது வடகடலின் கரையோரம் குளத்தைப் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும்.

இதை அறியாமல் நான் முதன்முறை சென்றது ஓர் ஆடி மாதத்தில், குண்டாறு கடலில் சேரும் மூக்கையூர்ப் பக்கத்துக்கு. நாற்பது கிராம் ஈயத்தை முழு வேகத்தில் வீசினால் அது காற்றில் திரும்பி என் காலடியிலேயே விழுந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கச்சான் வீசுறப்ப இந்தப் பக்கம் என்ன தம்பி வேலை? வடகடலுக்குப் போங்க” என்றார். அன்று எனக்கு மீன் கிடைக்கவில்லை; ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன்.

ஆற்றங்கரைக் கழிமுகம் வடகடலைப் பார்த்திருப்பதால், கச்சான் காலத்தில் காற்று நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். வீசுவதற்கு அது மிகவும் வசதியானது. அதே காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் தெர்மகோல் தெப்பத்திலோ காற்றடைத்த டியூபிலோ ஏறிச் சிறிது தூரம் போகலாம் என்று நினைத்தால், நீர் அமைதியாகத் தெரியும்போதே அது உங்களை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் பயணத்தில் கரையை விட்டு இறங்காதீர்கள் என்கிறேன்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் காலம் தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி வரை. மழைவெள்ளம் வடிந்து, நீர் தெளிந்து, வாடை தணிந்திருக்கும். ஐப்பசி முதல் மார்கழி நடுப்பகுதி வரை புயல் காலம்; பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வந்தால், அது எத்தனையாம் எண்ணாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருக்கும். அது விசைப்படகுகளுக்கானது, கரையில் நின்று தூண்டில் போடுபவரை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் அந்நாள்களில் இரைக்கான இறால் எளிதாகக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்து நீரின் ஏற்ற இறக்கம்

கடல் ஒரு நாளில் பெரும்பாலும் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் பின்னுக்குத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் அதிகம். அட்டமியை ஒட்டிய நாள்களில் குறைவு. பாக் நீரிணைப் பகுதியில் மொத்த ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஏற்ற இறக்கம் மிகுந்த குஜராத் கடற்கரையைப் பற்றிப் படித்துவிட்டு இங்கே வருபவர்கள் நீர் அசையவே இல்லை என்று நினைப்பார்கள். ஆனால் கழிமுகத்தின் குறுகிய வாயில் அந்தச் சிறு வேறுபாடே நல்ல ஓட்டத்தை உண்டாக்கும். மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் இந்த ஓட்டம் இருக்கும்போது மட்டும்தான் மீன் இரை எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறு நேராது.

நீர் ஏறும்போது மடவைக் கூட்டங்கள் ஆற்றுக்குள் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து கொடுவா வருகிறது. நீர் வற்றத் தொடங்கியதும் பக்கத்து ஓடைகளிலும் சேற்றுப் பள்ளங்களிலும் ஒதுங்கியிருந்த இறாலும் குஞ்சு மீன்களும் வேறு வழியின்றி முதன்மை ஓட்டத்துக்குள் இறங்கும். அந்த ஓடை வாய்களில்தான் கொடுவா பதுங்கி நிற்கும். ஆகவே, வற்றத் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம் விடியற்காலையிலோ அந்திநேரத்திலோ அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பாம்பனுக்குரிய ஓத நேரங்கள், அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்கள், கைப்பேசிச் செயலிகளில் கிடைக்கின்றன. கழிமுகத்துக்குள் அந்த மாற்றம் சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். ஏற்ற இறக்கம் சிறியதாக இருப்பதால், பலத்த காற்று பல நாள்களில் நிலவின் கணக்கையே புரட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கரையை நோக்கிக் காற்று அடித்தால் நீர் கூடுதலாக ஏறும். கரையிலிருந்து வீசினால் படகுகள் தரைதட்டும் அளவுக்கு உள்வாங்கும்.

ஆற்று வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். தேனி மாவட்டத்திலுள்ள வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படும். இராமநாதபுரம் உட்பட ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு அது அறிவிக்கப்படும். அந்த நீர் இங்கே வந்து சேரப் பல நாள்கள் ஆகும், சில ஆண்டுகளில் வராமலே போகும். ஆனால் பெரிய கண்மாய் நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், முகத்துவாரத்தின் மணல் திட்டுகளில் கால் வைக்காதீர்கள். நேற்று முழங்கால் அளவாக இருந்த இடம் இன்று ஆளை இழுக்கும் மடுவாகியிருக்கும், திட்டின் விளிம்பு மேலே பார்க்கக் கெட்டியாகவே தெரிந்தாலும் அடியில் அரித்துப் போயிருக்கும்.

எங்கே நிற்பது, எங்கே நிற்கக் கூடாது

ஆற்றங்கரைக்கு இராமநாதபுரத்திலிருந்து செல்வது எளிது. முந்தைய நாள் மாலையிலேயே சென்று, நீர் வற்றியிருக்கும் நேரத்தில் இடத்தைப் பாருங்கள். வற்றிய நீர்தான் தரையின் வரைபடத்தைக் காட்டும்: எங்கே பள்ளம், எங்கே சிப்பிப் படுகை, எந்த ஓடை எங்கே இறங்குகிறது என்பதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அழகன்குளம் பழங்காலப் பாண்டியர் துறைமுகம். உரோமானியக் காசுகளும் மட்பாண்டங்களும் அங்கே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மேட்டில் ஓட்டுத் துண்டு கண்ணில் பட்டால் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அங்கே தொழில் செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். “அண்ணே, இந்தப் பக்கம் தூண்டில் போட்டா உங்க வலைக்கு இடைஞ்சலா இருக்குமா?” என்று கேட்டால் போதும், பெரும்பாலும் இடம் காட்டுவதோடு எந்த இரைக்கு என்ன கடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுவார்கள். கரைவலை இழுக்கும் துறையிலும், நண்டு வலைக்கு அடையாளமாக மிதப்பு விட்டிருக்கும் இடத்திலும், கழி நட்டு வலை கட்டியிருக்கும் இடத்திலும் நரம்பை (தூண்டில் கயிற்றை) வீசாதீர்கள். உங்கள் தூண்டில் முள் ஒன்று அவர்களுடைய வலையில் சிக்கினால், அதை எடுத்துக் கிழிசலைச் சரிசெய்ய அவர்களுக்கு அரை நாள் வேலை.

தென்கடல் பக்கம் போக விரும்புவோர் ஒரு விதியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியின்றி அந்தத் தீவுகளில் இறங்குவதும் அங்கே மீன் பிடிப்பதும் குற்றம். கரையில் யாரேனும் “தீவுக்குக் கூட்டிப் போறேன், அங்க மீன் கொட்டிக் கெடக்கு” என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று தூண்டில் போடுவதையும் நான் ஏற்பதில்லை. காற்றும் வாகனங்களும் சேர்ந்த இடத்தில் கூர்முள் வீசுவது அறிவுடைய செயல் அன்று.

கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை, ஆமை, ஆவுளியா என்னும் கடற்பசு ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. கரையொதுங்கிய பவளத் துண்டை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்வதும் அச்சட்டப்படி குற்றம். ஆமையோ பறவையோ உங்கள் நரம்பில் சிக்கினால், நரம்பை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அருகில் கொண்டுவந்து, முள்ளுக்கு அருகே அறுத்து விடுவியுங்கள்.

கருவிகள்

முதல் பயணத்துக்கு ஏழிலிருந்து எட்டடி வரையுள்ள கம்பு, நரம்பு சுற்றுவதற்கு 3000 அல்லது 4000 அளவுள்ள ரீல், 0.35 மில்லிமீட்டர் நரம்பு ஆகியவை போதும். உள்ளூரில் நரம்பைத் தங்கூசி என்றும் சொல்வார்கள். கடையில் முள் கேட்கும்போது எண் குழப்பும்: 4, 6, 8 என்று எண் கூடக் கூட முள் சிறியதாகும், ஆனால் 1/0, 2/0, 3/0 என்று கோடு போட்ட எண்கள் கூடக் கூட முள் பெரியதாகும். கிழங்கானுக்கும் ஊடகத்துக்கும் 6 அல்லது 8. கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் 1/0 முதல் 3/0 வரை.

கட்டும் முறை எளியது. நடுவில் துளையுள்ள ஈயக்குண்டை நரம்பில் ஓடவிட்டு, முனையில் ஒரு சுழலியை (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சிறு இணைப்பு) கட்டுங்கள். சுழலியின் மறுமுனையில் இரண்டடி நீளத்துக்கு 0.60 மில்லிமீட்டர் தடித்த நரம்பும் அதன் நுனியில் முள்ளும் வரட்டும். மீன் இரையை எடுத்துக்கொண்டு ஓடும்போது ஈயம் தரையிலேயே கிடக்க, நரம்பு மட்டும் அதனூடே நழுவும். மீனுக்குப் பாரம் தெரியாது. தடித்த நரம்பு எதற்கு என்றால், கொடுவாவின் செவுள் மூடி கத்தியைப் போன்றது. மெல்லிய நரம்பை ஒரே உதறலில் அறுத்துவிடும். முடிச்சுக்கு, நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, அதன் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதுக்கு அருகிலுள்ள கண்ணியில் நுனியைக் கொடுத்து, எச்சிலால் நனைத்த பிறகு இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் சூட்டில் நரம்பு வலுவிழக்கும்.

இரை என்றால் உயிருள்ள இறால்தான். மற்றவை அதற்குப் பின்னால்தான். இறாலை வாலுக்கு முந்திய கணுவில் முள்ளேற்றுங்கள், அல்லது தலைக் கொம்பின் அடியில் மேலோட்டமாக ஏற்றுங்கள். தலைக்குள் கருமையாகத் தெரியும் பகுதியில் முள் பட்டால் அது அப்போதே செத்துவிடும். உயிரிறால் கிடைக்காவிட்டால் சூடை மீன் துண்டு, கணவாய்க் கீற்று. செயற்கை இரைகளைப் பற்றி முதல் பயணத்தில் சிந்திக்க வேண்டாம். அது தனிக் கலை, செலவும் கூட.

இவற்றோடு குறடு ஒன்று, தலையில் கட்டும் விளக்கு, அடி தடித்த காலணி, தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், ஐஸ் போட்ட பெட்டி. அங்கே நிழல் இல்லை. அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள். எல்லைக் கடற்கரை என்பதால் கடலோரக் காவல் குழுமத்தினர் விசாரிப்பது இயல்பு. அவர்களுடைய உதவி எண் 1093. இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. இரண்டையும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கரையில்

விடிவதற்கு அரை மணி முன்பே இடத்தில் இருங்கள். நீரில் இறங்கவேண்டி வந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை, உரசல் உணர்ந்தால் விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வாலை வீசும். சேறாக இருந்தால் கழியால் ஆழம் பார்த்த பிறகே அடி வைக்கவும்.

நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி இரையைப் போட்டு, அதுவே ஓடை வாய்க்கு நகர்ந்து வரும்படி விடுங்கள். மீன் இழுக்கும்போது ரீலிலிருந்து நரம்பு எவ்வளவு எளிதில் வெளியே ஓடும் என்பதைக் கட்டுப்படுத்துவது டிராக் என்னும் திருகு; அதை நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு இறுக்கினால் போதும். படபடவென்று கொத்துவது பெரும்பாலும் கீச்சானோ ஊடகமோ. ஒரே இழுப்பாகக் கம்பு வளைந்தால் கொடுவா. அது நீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறும்போது கம்பின் நுனியைத் தாழ்த்துங்கள். முள் கழன்று போவதும் போகாமலிருப்பதும் அந்த ஒரு நொடியில்தான். நரம்பு கத்தரித்தது போலச் சுத்தமாக அறுந்து வந்தால் அது உடலை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனின் வேலை. பேத்தை பிடிபட்டால் அதை விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

வெறுங்கையால் தொடக் கூடாத மீன்கள் மூன்று. கெளுத்திக்கு முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் அரம் போன்ற முள்; ஓராவுக்கு முதுகெல்லாம் நஞ்சு முள்; திருக்கைக்கு வாலில். தூண்டில் முள்ளைக் குறடால் கழற்றுங்கள். மீனின் முள் குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, தோல் வேகாத அளவுக்குப் பொறுக்கும் சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி பெரிதும் அடங்கும். அதன்பின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆகவேதான் என் பையில் எப்போதும் ஒரு வெந்நீர்க் குடுவை இருக்கும். தேநீருக்கென்று நண்பர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

கெளுத்தியின் வாயைத் திறக்கும்போது உள்ளே கோலிக்குண்டு போன்ற முட்டைகள் தெரிந்தால் வியக்காதீர்கள். கடற்கெளுத்தியின் ஆண் மீன், குஞ்சு பொரியும்வரை முட்டைகளை வாயில் சுமக்கும். அதை மெதுவாக நீரில் விட்டுவிடுவது நல்லது. கொடுவாவிலும் மிகப் பெரியதை விட்டுவிடவே நான் சொல்வேன். இது ஆணாகவே முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் இனம். ஆகவே பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். சமையலுக்கும் இரண்டு கிலோ மீன்தான் சுவை. வைத்துக்கொள்ளும் மீனை உடனே கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடித்து, மீனின் எடைக்குச் சமமான ஐஸில் புதையுங்கள். வெயிலில் சாக்கின் மேல் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது வீடு வருவதற்குள் கருவாட்டுக்கும் உதவாது.

வெயில் ஏறி நீரோட்டம் நின்றதும், சுமார் ஒன்பது மணிக்கு, கருவிகளைச் சுருட்டிவிடுங்கள். அடுத்த ஓட்டம் வரும்வரை நின்று வாடுவதில் பயனில்லை. அறுந்த நரம்பை ஒரு முழம்கூட அங்கே விட வேண்டாம். குளிர்காலத்தில் இக்கடற்கரைக்கு வரும் பூநாரைகள் அதே சேற்றில்தான் நடக்கின்றன. ஊருக்குத் திரும்பியதும் குளிப்பதற்கு முன்பே கம்பையும் ரீலையும் நன்னீரில் கழுவித் துடைத்து, டிராக் திருகைத் தளர்த்தி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒரு குறிப்பேட்டில் அன்றைய திதி, காற்றின் திசை, நீர் வற்றத் தொடங்கிய நேரம், நீரின் நிறம், எந்த இரைக்கு என்ன மீன் எடுத்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். மீன் ஒன்றும் கிடைக்காத நாள்களின் குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது “ஆடி, மூக்கையூர், கச்சான், பூச்சியம்” என்ற ஒரே வரிதான்.